சுவரில் சான்றிதழ், கிணற்றில் உப்பு

போன வாரம் ஓர் அழைப்பிதழ் வந்தது. தோல் தொழிலில் இருக்கும் கணக்கர்கள், பொறியாளர்கள், தோல் தொழில்நுட்பம் படித்தவர்கள் எல்லாம் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்று. பெயர் வேண்டாம். நானும் முப்பது வருடம் அதற்குச் சந்தா கட்டியவன்தான். அந்தச் சங்கத்தின் அலுவலகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ் வாங்கப் போகிறார்களாம். சுற்றுச்சூழல் மேலாண்மை முறைக்கான உலகத் தர எண் அது. தொடக்க விழாவில் நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

அழைக்க வந்த தம்பிக்கு நாற்பது வயது இருக்கும். என்னோடு வேலை பார்த்தவரின் மகன். "நீங்கதான் சார் அந்தக் காலத்துலயே கம்பெனிக்கு வாங்கிக் குடுத்தவரு. நீங்க பேசினா நல்லா இருக்கும்" என்றார். திட்டத்தைக் காட்டினார். காகிதத்தை இரண்டு பக்கமும் அச்சடிப்பது, ஏ.சி.யை 26 டிகிரியில் வைப்பது, கூட்டங்களில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர், வாசலில் பத்து மரக்கன்று.

"எல்லாம் சரி தம்பி. உறுப்பினர்கள் போடற கையெழுத்தைப் பத்தி ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"அதை டிஜிட்டல் ஆக்கிட்டோம் சார். பேப்பர் மிச்சம்" என்றார்.

நான் கேட்டது அது இல்லை. அவருக்குப் புரியாததில் தவறும் இல்லை. விழாவுக்கு வர இயலாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் என்று அவருக்கும், என் வயது நண்பர்களுக்கும் எழுதியே சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

நான் 1979-ல் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுத்தராகச் சேர்ந்தேன். 2013-ல் ஓய்வு பெற்றேன். மகளைப் படிக்க வைத்தது, வீடு கட்டியது, இன்று மாத்திரை வாங்குவது எல்லாம் தோல் போட்ட சோறு. ஆகவே தோல் தொழிலை இழுத்து மூடு என்று கத்துகிறவன் நான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் சாப்பாட்டுப் பையோடு நிற்கும் பெண்களைப் பார்த்தவர் யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள்.

என் தாய்மாமா ஊர் பாலாற்றங்கரையில். சின்ன வயதில் கோடை விடுமுறை எல்லாம் அங்கேதான். மாமா கிணற்றில் கமலை ஓடியதையும், பிறகு மோட்டார் வந்ததையும் பார்த்திருக்கிறேன். வாய்க்காலில் குனிந்து கையால் அள்ளிக் குடிப்போம். நெல், கரும்பு, வாழை. 80-களின் நடுவில் தண்ணீர் சப்பென்று ஆனது. பிறகு கரித்தது. நெல் போய்த் தென்னை ஆனது. தேங்காய் சிறுத்து, மட்டை காய்ந்து, கடைசியில் சீமைக் கருவேலம்தான் மிச்சம்.

இது என் மாமா ஒருவர் கதை இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. தோல் ஷாப்புகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதாக வந்த ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவன் செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அங்கேதான் உறுதியாகச் சொல்லப்பட்டது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் வேலூர் வழக்கு என்று மனப்பாடம் செய்கிறார்கள். நம் ஊர் பெயர் பாடப்புத்தகத்தில் ஏறியதற்கு நம் கிணறுகள் கொடுத்த விலை அது.

அடுத்த மாதமே, 1996 செப்டம்பரில், ஐ.எஸ்.ஓ. 14001-ன் முதல் பதிப்பு வெளிவந்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு இரண்டும் ஒரே மழையில் வந்த இரண்டு வெள்ளம் மாதிரி வந்து சேர்ந்தன. ஒன்று நீதிமன்றத்திலிருந்து, மற்றொன்று வெளிநாட்டுக் கொள்முதல்காரரிடமிருந்து. இதில் முதலாளிகள் எதற்கு அதிகம் பயந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

1989-ல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சை மருந்தைத் தடை செய்தது. அந்த மருந்து போட்ட தோலை வாங்க மாட்டேன் என்றான் கொள்முதல்காரன். 1994-ல் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. இரண்டு முறையும் எங்கள் கம்பெனியில் மருந்து டின்னும் சாயப் பொடியும் மாறியதைப் பில் பார்த்துப் பதிந்தவன் நான். மாதக் கணக்கில் வேலை முடிந்தது. ஆனால் பாலாற்றுக்குப் போகும் தண்ணீரை மாற்ற வருடக் கணக்கு, வழக்குக் கணக்கு. ஜெர்மனிக்காரன் கால் தோல் அரிக்கக் கூடாது என்றால் உடனே முடிகிறது. என் மாமா வயிறு எரிந்தால் வாய்தா.

2002-ல் எங்கள் கம்பெனியும் 14001 வாங்க முடிவு செய்தது. ஆங்கிலம் எழுத வரும், கோப்பு ஒழுங்காக வைப்பான் என்று என்னை அதற்குப் பொறுப்பாளன் ஆக்கினார்கள். சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். நல்ல மனிதர். முதல் வேலை ஒரு பெரிய பதிவேடு. கம்பெனி செய்யும் ஒவ்வொரு வேலையும் காற்றை, நீரை, மண்ணை என்ன செய்கிறது என்று எழுதி, பாதிப்புக்கும் அது நடக்கும் தடவைக்கும் மதிப்பெண் போட்டுப் பெருக்க வேண்டும். அதிக மதிப்பெண் வாங்கியதை முதலில் கவனிக்க வேண்டும். அருமையான ஏற்பாடு. இன்றும் சொல்கிறேன், இதைவிட நேர்மையான கேள்வித்தாள் ஒரு கம்பெனிக்குக் கிடையாது.

நானும் மேஸ்திரியும் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினோம். முதலிடத்தில் வந்தது உப்பு. எழுதாமலே தெரியும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பு போடுகிறார்கள். ஷாப்புக்கு வந்ததும் ஊறல் தொட்டியில் அந்த உப்பெல்லாம் தண்ணீருக்குப் போகிறது. குரோமை வீழ்படிவாக்கிப் பிடிக்கலாம், சுண்ணாம்பை அடியில் தங்க வைக்கலாம். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு ஒன்றும் செய்யாது.

ஆலோசகர் பதிவேட்டைப் பார்த்தார். "சார், இதை முதலிடத்தில வெச்சா, இதுக்குக் குறிக்கோள் எழுதணும், செலவு காட்டணும், ஆடிட்டர் வருஷா வருஷம் கேப்பார். மதிப்பெண்ணைக் கொஞ்சம் இறக்குங்க. எட்டை அஞ்சு ஆக்குங்க போதும்" என்றார். முதலாளியும் தலையாட்டினார். எட்டு ஐந்து ஆயிற்று. முதலிடத்துக்கு மின்சாரமும் அலுவலகக் காகிதமும் வந்தன. காகிதச் செலவைப் பத்து சதவீதம் குறைப்பது எங்கள் முதல் குறிக்கோள். அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது.

சான்றிதழ் வந்தது. சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினோம். படம் எடுத்தார்கள், அதில் நானும் இருந்தேன்.

அந்த வருடப் பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்துவிட்டு மாமா சொன்னார்: "பயப்படாம குடிடா, கேன் தண்ணியில போட்டதுதான். கெணத்துத் தண்ணி மாட்டுக்குக்கூட வெக்கறதில்ல." சர்டிபிகேட் வாங்கிய சேதி அவருக்கும் எட்டியிருந்தது. "அப்ப இனிமே தண்ணி நல்லா ஆயிடுமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் எழுத்து வேலை பார்ப்பவன், எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டார். "ஆயிடும் மாமா, கொஞ்ச நாள் ஆவும்" என்றேன்.

அந்தப் பொய்யைவிடப் பெரிய பொய் எதுவும் நான் சொன்னதாக நினைவில்லை.

அவர் பெயர் இழப்பீட்டுப் பட்டியலில் இருந்தது. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த சூழலியல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏறக்குறைய 27 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள். தலைக்குப் பத்தாயிரம் கூட வரவில்லை. ஒரு போர் போடும் செலவுக்கே காணாது. அதிலும் ஒரு பகுதி வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கு நடந்து நடந்து, மாமா 2011-ல் போய்ச் சேர்ந்தார். 2025 ஜனவரி 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, கொடுபடாத இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடு, மாசைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போடு என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்போது முதல் தீர்ப்பு வந்து 28 வருடம் ஆகியிருந்தது.

இப்போது இரண்டு தரப்போடு எனக்குச் சண்டை இருக்கிறது.

ஒரு தரப்பு, "சான்றிதழ் வாங்கிவிட்டோம், நாங்கள் சுத்தம்" என்பது. அவர்களுக்கு ஒன்று தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை. 14001 எந்த இடத்திலும் இவ்வளவு உப்பு போகலாம், இவ்வளவு குரோமியம் போகலாம் என்று எண் சொல்வதில்லை. உன் பாதிப்பை நீயே கண்டுபிடி, குறிக்கோளை நீயே வை, சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக உறுதி கொடு, வருடா வருடம் முன்னேறு. அவ்வளவுதான். எண் சொல்வது அரசுச் சட்டம். வெளியேறும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது அங்கே இருக்கிறது. பிள்ளை தானே கேள்வித்தாள் தயாரித்துத் தானே எழுதிய பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினால் அதை மாநில முதல் மதிப்பெண் என்று யாரும் சுவரொட்டி ஒட்ட மாட்டோம்.

இன்னொரு தரப்பு, "ஐ.எஸ்.ஓ. எல்லாம் ஃபிராடு சார், காசு கொடுத்தால் காகிதம்" என்பது. டீக்கடையில் இது பேச நன்றாக இருக்கும். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அது சோம்பேறிப் பேச்சு. ஏன் என்றால் அந்த முறை வேலை செய்ததை நான் பார்த்தேன், சான்றிதழுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில்.

எங்கள் மேஸ்திரிக்கு எட்டை ஐந்து ஆக்கியது பிடிக்கவில்லை. "நம்ம எழுதினது பொய்யா சார்?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை. ஊறல் தொட்டிக்கு அனுப்பும் முன் தோலை ஒரு மரச் சட்டத்தின் மேல் போட்டு உதறச் சொன்னார். உதிர்ந்த உப்பைக் கூட்டிச் சாக்கில் கட்டி எடை போட்டார். தினமும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, தோல் எடை, உப்பு எடை. நூறு கிலோ தோலுக்கு நாலைந்து கிலோ உப்பு உதிர்ந்தது. எடை குறைந்த நாளில் யார் ஒழுங்காக உதறவில்லை என்று கேட்பார். அளந்தார், எழுதினார், ஆளுக்குப் பொறுப்பு கொடுத்தார், குறைந்தால் விசாரித்தார். 14001-ல் சொல்லியிருப்பதன் சாரம் அந்த நோட்டில் இருந்தது. அவர் ஓய்வு பெற்றதும் நோட்டும் நின்றது, உதறுவதும் நின்றது. மேலே இருப்பவன் பொறுப்பேற்காத முறை ஒரு ஆளோடு போய்விடும் என்பதும் அதே தர நூலில் எழுதியிருக்கும் பாடம்தான்.

நான் கணக்கன். ஆகவே கணக்காகச் சொல்கிறேன். ஒரு ஷாப்பில் நாளைக்கு 5 டன் பச்சைத் தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீதம் என்றால் 2 டன் உப்பு. வருடத்துக்கு 300 நாள் வேலை. 600 டன். பாதி வழியிலேயே உதிர்ந்தது என்று தாராளமாகக் கழித்தாலும் 300 டன். பத்து டன் லாரியில் 30 லோடு. ஒரே ஷாப்புக்கு. வரவு இருந்தால் செலவு இருக்க வேண்டும். வெளியே போனது எத்தனை லாரி, சூரிய ஒளிப் பாத்தியில் எவ்வளவு, கிடங்கில் எவ்வளவு என்று எழுதுங்கள். வித்தியாசம் வந்தால் அது எங்கே? சம்பளக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை என்னை உட்கார வைத்த முதலாளிகள், 30 லாரி உப்பு இடித்ததை ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வித்தியாசம் என் மாமா கிணற்றில் இருந்தது.

"இப்போதெல்லாம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம், ஆர்.ஓ., சொட்டு நீர் கூட வெளியே விடாத திட்டம் எல்லாம் வந்துவிட்டதே" என்பீர்கள். வந்தது. பல கோடி செலவானது. சிலர் நேர்மையாக நடத்துகிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரைப் பிரித்தெடுத்தால் உப்பும் சேறும் மிஞ்சும். வாங்க ஆளில்லாத கலப்பு உப்பு கொட்டகையில் குவிகிறது. சேறு தொட்டியில் தேங்குகிறது. 2015 ஜனவரி 31 விடியற்காலை ராணிப்பேட்டை சிட்கோவில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வாசல் குழாயில் சொட்டு நீர் வரவில்லை என்று சந்தோஷப்பட்டு, உள்ளே என்ன குவிகிறது என்று பார்க்காத முறைக்கு என்ன பெயர் வைப்பது?

மழைக்காலத்தில் மாராபட்டுப் பக்கம் பாலாற்றில் வெள்ளை நுரை மிதப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நகராட்சிச் சாக்கடையும் ஆற்றில்தான் விழுகிறது என்று தொழில்காரர்கள் சொல்வது உண்மைதான். அதற்கு நகராட்சி பதில் சொல்லட்டும். வீட்டுச் சாக்கடையில் குரோமியம் வராது.

கொள்முதல்காரனையும் விட்டுவிட முடியாது. சான்றிதழ் கேட்பான், தங்கப் பதக்கம் வெள்ளிப் பதக்கம் என்று தர வரிசை கேட்பான், ஜோடிக்கு ஒரு ரூபாய் ஏற்றிக் கொடு என்றால் வேறு நாட்டுக்குப் போகிறேன் என்பான். மாசுபடுத்தியவன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை பாலாற்றங்கரையோடு ஏன் நிற்க வேண்டும்? அந்த ஷூவைப் போட்டு நடப்பவன் ஊருக்கும் நீளட்டும்.

சங்கத்துத் தம்பிக்கு இப்போது வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் மாதம் எத்தனை கட்டுக் காகிதம் ஆகிறது? ஐந்து? ஆறு? அதைப் பாதியாக்கினால் பாலாறு கவலைப்படாது. உங்கள் சங்கத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அலுவலகத்தில் இல்லை. உங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கம்பெனியில் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுகிறார். மீட்டர் அளவு சரி என்று ஒருவர். சேறு இத்தனை டன் என்று ஒருவர். எட்டுக்குப் பதில் ஐந்து என்று, என்னைப் போல், ஒருவர். உங்கள் பதிவேட்டில் முதலிடத்தில் வர வேண்டியது அந்தக் கையெழுத்து.

முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. முறையை முழுசாகச் செய்யுங்கள் என்கிறேன். 2015-ல் வந்த பதிப்பு, அக்கறையுள்ள தரப்பினர் யார், அவர்கள் எதிர்பார்ப்பு என்ன என்று எழுதச் சொல்கிறது. வாடிக்கையாளர், வங்கி, அரசு என்று நிரப்பிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் கிணற்றுக்காரனை எழுதுங்கள். சுற்றியுள்ள பத்துக் கிணற்றுத் தண்ணீரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதித்து, எண்ணைத் தமிழில் எழுதி வாசலில் பலகை வைக்கச் சொல்லுங்கள். தோலோடு வந்த உப்புக்கும் வெளியே போன உப்புக்கும் வருடக் கடைசியில் ஐந்தொகை போடச் சொல்லுங்கள். உள் தணிக்கையில் ஊறல் தொட்டியில் நிற்கும் தொழிலாளி ஒருவரையும் பக்கத்து ஊர் விவசாயி ஒருவரையும் உட்கார வையுங்கள். பொய் எண்ணில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி வேலை இழக்கும் உறுப்பினருக்கு ஆறு மாதச் சம்பளம் சங்கம் கொடுக்கும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். 2002-ல் அப்படி ஒரு தீர்மானம் இருந்திருந்தால் நான் தைரியமாக இருந்திருப்பேனா? தெரியாது. ஆனால் இல்லாததைச் சாக்காகச் சொல்லிக்கொள்ள முடியாமல் போயிருக்கும்.

இதையெல்லாம் செய்வதாக இருந்தால் பத்து நிமிடம் இல்லை, ஒரு மணி நேரம் வந்து பேசுகிறேன். காபி மட்டும் கேன் தண்ணீரில் போடாதீர்கள். மாமா பையன் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறான். கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டு வரச் சொல்கிறேன். அதில் போட்டு மேடையில் இருப்பவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிப்போம். எவர்சில்வர் டம்ளரிலேயே.